பிலோமினா அக்கா பிரித்தெடுத்த துண்டு

"அக்கா மோசம் போட்டா" என்று ஊரில் எங்கள் அயலவளாயிருந்த ஸ்ரெல்லா புத்தூரிலிருந்து தொலைபேசியில் சாவுச்செய்தி சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. போகவேண்டியவர்கள் மயிலிட்டியில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிய, ஆண்டவருக்கு இவர்தானா கண்ணில் பட்டார்? ஆண்டவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

பிலோமினா அக்காவும் நானும் மயிலிட்டியில் ஒரே ஒழுங்கைக்காரர், ஒரே சின்னத் தெருவில் வாழ்ந்தவர்கள். பிறகு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் ஒழுங்கையின் துண்டுப் போர்வையும் தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் கல்யாணம் நடந்தால், கூறைச்சேலையின் முந்தானையில் ஒரு துண்டு வெட்டி அதற்குக் கொடுக்கவேண்டும். கடற்கரையிலிருந்து கோயில் வரை வீடுகள் எப்படி நின்றனவோ, துண்டுகளும் அதே வரிசைதான். மாமியின் துண்டுக்கு மேலே மருமகளின் துண்டு. ஒழுங்கையில் யார் இறந்தாலும் பெட்டியை மூடும்வரை அந்தப் போர்வை மேலே கிடக்கும்.

போரில் ஊரே இடம்பெயர்ந்த அன்று அக்கா நகையை விட்டுவிட்டு இதைத்தான் இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். முகாமில் யாராவது கண்மூடினால் போர்வையோடு போய் நிற்பார். நகையைப்பற்றிக் கேட்டால், "நகை வாங்கலாம். அயலட்டைச் சனத்தை எந்தக் கடையிலை வாங்கிறது?" என்பார்.

இராணுவம் காணிகளை விட்டபிறகு ஊர் திரும்பினோம். வீடும் இல்லை, வேலியும் இல்லை, எங்கும் பற்றைக்காடுதான். ஸ்ரெல்லாவின் புருஷன் கடலோடு போனவர். அவளுடைய காணி உறுதிப் பத்திரம் ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் தன் காணியோடு அவள் காணியையும் சேர்த்துத் தகரவேலி அடித்தார். பெயரை எழுதி இந்த அஞ்சலித் தாளை அழுக்காக்க மாட்டேன். தகரவேலிக்காரர் என்றே சொல்கிறேன். "உதிலை அவளுக்கு வீடு இருந்ததே? எங்கடை காணிக்குள்ளை கொட்டில் போட்டு இருந்தவை" என்றார் அவர்.

காணி விசாரணைக்கு அக்கா போர்வையைக் கொண்டுபோய் மேசையில் விரித்து, தகரவேலிக்காரர் வீட்டுத் துண்டைத் தொட்டுக் காட்டினார். "இது இவையின்ரை வீடு. பக்கத்திலை ஸ்ரெல்லாடை மாமி, அவவுக்கு மேலை ஸ்ரெல்லா. கொட்டிலிலை இருந்தவைக்கு இரண்டு தலைமுறைத் துண்டு எப்பிடி வந்தது?"

உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். "அம்மா, துணி உறுதியாகாது. ஊரிலை ஆரும் சாட்சி சொல்லட்டும்" என்றார்.

ஊர் சொன்னதா? இந்த இடத்தில், இதை வாசிக்கும் ஊரவர்களே, உங்களில் சிலரோடும் எனக்குக் கோபம் இருக்கிறது. தகரவேலிக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கோயிலுக்கு ஓடு போட்டவர்கள். அதனால் வாய்க்குள் கொழுக்கட்டையோடு நின்றீர்கள். அதே வாய்கள் அக்காவின் செத்தவீட்டில் பெருங்குரலெடுத்து அழுததையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விசாரணை முடிந்து வந்த கையோடு அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். தகரவேலிக்காரர் வீட்டுத் துண்டுகளை நூல் நூலாகப் பிரித்து, அடித்துணியையும் வெட்டினார். துண்டுகளைத் தோய்த்து, அயன் பண்ணி, அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார். "உங்கடை சாமான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்தார். ஓட்டைக்கு வேறு துணி வைத்துத் தைப்போமா என்று கேட்டேன். "தைச்சால் மறந்துபோவினம். கிடக்கட்டும்" என்றார்.

அடுத்த மாரியில் தகரவேலிக்காரரின் தாய் இறந்தார். போர்வை வராது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அக்கா வந்தார். "அவ எங்கடை ஆள். பிழை அவவிலை இல்லை" என்று சொல்லிக் கிழவியின் நெஞ்சுவரை விரித்துவிட்டார். ஒழுங்கை முழுவதும் அங்கே கிடந்தது. அந்த ஒரு வீடு மட்டும் இல்லை. "உதென்ன ஓட்டை?" என்று வெளியூர்ச் சனம் கேட்க, தெரிந்தவர்கள் காதுக்குள் சொன்னார்கள். தலைமாட்டில் நின்ற மகன், போகவும் முடியாமல், எடுங்கோ என்று சொல்லவும் முடியாமல் வேர்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வெட்கமில்லை, எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

அக்காவின் செத்தவீட்டுக்கும் தகரவேலிக்காரர் வந்தார், துண்டுகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு. போர்வை இனி என் பொறுப்பென்று கேள்விப்பட்டிருக்கிறார்.

"ரீச்சர், எனக்கும் வயசு போச்சு. நெஞ்சுவருத்தம் வேறை. உதைத் திருப்பித் தைச்சுவிடுங்கோ. செத்தவவோடை என்ன பகை?"

"செத்தவவோடை ஆருக்குப் பகை? ஸ்ரெல்லா உயிரோடை இருக்கிறா, புத்தூரிலை வாடகை வீட்டிலை. தகரத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, அண்டைக்கே தைக்கிறன்."

"அந்தக் காணி பிள்ளையளின்ரை பேரிலை எழுதியாச்சு, ரீச்சர்."

"அப்ப உந்தத் துண்டையும் பிள்ளையளுக்கே அனுப்புங்கோ."

பூசையில் சுவாமியார் மன்னிப்பைப்பற்றிப் பிரசங்கம் வைத்தார். நல்ல பிரசங்கம். அடுத்தவள் காணியை வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பவரை என்ன செய்வது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தப் போர்வையும் அவருடைய ஒரு கட்டளையும். "பகையாளியெண்டாலும் ஒழுங்கைக்காரன் செத்தால் விரிக்கவேணும். மறுக்கப்படாது" என்பார். மறுக்கமாட்டேன். தகரவேலிக்காரரின் நாள் வரும்போது, அந்தத் தகரம் அப்படியே நின்றால், போர்வையை நானே கொண்டுபோய் விரிப்பேன். ஸ்ரெல்லாவையும் கூட்டிக்கொண்டு போய்த் தலைமாட்டில் இருத்துவேன்.