மை வைத்த விரல்

இலுப்பூருக்குப் பக்கத்து ஊரொன்றில் நான் பால்வாடி டீச்சராக இருந்தேன். ஒருநாள், பார்வையிட அதிகாரி வருகிறார் என்று பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒரே விரலால் எல்லாருக்கும் கண்மை வைத்தேன். முதல் பையனுக்குக் கண் சிவந்து பீளை கட்டியிருந்தது. அப்படி வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டும். நடவுக்குக் கிளம்பிய அவன் தாயிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பாதிப் பிள்ளைகளுக்குக் கண்வலி. சில நாளில் அவர்களுக்குச் சரியாகிவிட்டது. நான்கு வயது செல்லம்மாளுக்கு மட்டும் வலது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிற்று. ஆஸ்பத்திரியில் அவள் தாய் தண்ணீர் பிடிக்கப் போனபோது, மை வைத்ததை நர்ஸிடம் சொன்னேன்.

"ஒரே வெரலாலயா? மையோட கிருமியும்ல போயிருக்கும்!" என்றார்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் செல்லம்மாளை மறுபடி பால்வாடிக்குக் கூட்டிவந்தாள்.

"அதிகாரி வந்த அன்னிக்கு எம்மக எம்புட்டு அழகா இருந்தா! அதே மாதிரி மை வச்சு விடுங்க டீச்சர்."

செல்லம்மாள் முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"கை கழுவிட்டு வாரேன்" என்று பின்பக்கம் போய், வெகுநேரம் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். திரும்பி வந்து, மைச்சிமிழ் தொலைந்துவிட்டது என்றேன். உண்மையை அந்தத் தாயிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதைக் கூச்சம் என்று சொல்லிக்கொள்ள இப்போது மனம் வரவில்லை.