இ.எஸ்.ஆர். சீட்டும் என் குடலும்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறை ஒன்றில் இரண்டு தறி பார்த்துக்கொண்டிருந்தேன். என் கூலி இல்லாவிட்டால் வீட்டில் உலை ஏறாது. வயிற்றுக்கடுப்பும் ரத்தப்போக்கும் என்னைப் பாடாய்ப் படுத்திய பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர்தான் பெருங்குடலில் புண் என்று கண்டுபிடித்தார். அடிக்கடி குழாய் விட்டுக் குடலைப் பார்க்க முடியாதே! அதனால் இ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அதிகம் இறங்கியிருந்தால் உடம்புக்குள் எங்கோ அழற்சி. எங்கே என்று அது சொல்லாது.

எங்கள் ஊருக்கு அது சொல்லவும் வேண்டியதில்லை. இ.எஸ்.ஆர். கூடினால் டி.பி. என்று எல்லாரும் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். இரண்டு நாள் லீவு கேட்கப் போய், நம்பர் ஏறியிருந்த என் சீட்டைக் காட்டியதும் மேஸ்திரி சட்டென்று தள்ளி நின்றார்.

“ஏட்டி, புண்ணுக்குக் கட்டுற துணி இது. டி.பி.யை வச்சுக்கிட்டு இதைத் தொடுதியா? நம்பர் இறங்குன பொறவு வா.”

“எனக்குக் குடல்லதான் புண்ணு அண்ணாச்சி. சளியும் எக்ஸ்ரேயும் பாத்துட்டு டி.பி. இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனமில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மாத்திரையில் முகம் ஊதி, கண்டதையும் தின்னச் சொல்லும் பசியோடு வீட்டில் கிடந்தேன். ஒருவழியாக நம்பர் இறங்கியது. சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டிய பிறகுதான் தறி திரும்பக் கிடைத்தது.

அடுத்த கோடையில் மறுபடியும் ரத்தம் போனது. தறிக்கும் கக்கூசுக்குமாக ஓடி ஓடிக் கால் துவண்டது. டாக்டரிடம் போனேன். பரிசோதனையில் இ.எஸ்.ஆர். ஏறவே இல்லை.

“குடலோட கடைசிப் பகுதியில மட்டும் புண் இருந்தா, சிலருக்கு இது ஏறாதும்மா. உன் வயிறு சொல்றதத்தான் நான் நம்புவேன். வீட்டுல இருந்து மாத்திரை சாப்பிடு,” என்றார்.

மறுநாள் சீட்டைப் பார்த்த மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல்.

“நம்பருதான் நல்லா இருக்கே! பொறவு என்னட்டி லீவு? வேலைக்கள்ளி!”

தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். ஏற்கெனவே வாய்க்காரி என்று பெயர் எடுத்த எனக்கு அது வசதியாகப் போயிற்று.

“அன்னைக்கு இந்த நம்பரைக் காட்டி வெளிய நிறுத்துனீய. இன்னைக்கு அதே நம்பரைக் காட்டி உள்ள நிறுத்துதீய. நோவு எனக்கா, சீட்டுக்கா அண்ணாச்சி?”

மேஸ்திரியைக் கேட்காமல் ஓடுகிற தறியை யாரும் நிறுத்தக் கூடாது என்பது பட்டறையின் எழுதாத சட்டம். நான் என் தறி இரண்டையும் நிறுத்தினேன். பக்கத்துத் தறிக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்துவிட்டேன்.

“உடம்பு தேறுனதும் வாரேன். தேறிருச்சான்னு நாந்தான் சொல்லுவேன்,” என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி முன்வாசல் வழியாகவே வெளியே போனேன்.