ஒல்லாந்து முயல் விற்ற ஸ்ரெல்லா அக்கா

ஸ்ரெல்லா அக்கா இல்லையாம்.

காலையில் பருத்தித்துறையிலிருந்து ஒரு நண்பி போன் எடுத்துச் சொன்னாள். நேற்றுப் பின்னேரம் கடையில் இருந்தபடியே நெஞ்சு வலியாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டதாம்.

பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குக் கிட்ட மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ், முயல் எல்லாம் விற்ற சின்னக் கடை அவருடையது. அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும்.

என் அப்பா மயிலிட்டியில் வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போன மனிதர். கை நடுங்கும் வருத்தம் வந்ததும் ஆட்களோடு கதைப்பதையே விட்டுவிட்டார். துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டு முயல் வாங்கப் போனேன்.

"ஆருக்கு?" என்று கேட்டார் அக்கா.

"அப்பாவுக்கு. மடியிலை வைச்சிருக்கலாம் எண்டு..."

"உது மடியிலை இருக்கிற சாதி இல்லை, தங்கச்சி."

பிறகு அரை மணித்தியாலம் லெக்சர்! நெதர்லாந்து டுவார்ஃப் என்று பெயராம். ஒல்லாந்து நாட்டில், சின்ன வெள்ளை வீட்டு முயலையும் காட்டு முயலையும் சேர்த்து உருவாக்கிய இனம். முழுதாக வளர்ந்தாலும் ஒரு கிலோ அளவுதான். உருண்டை முகம், கட்டைக் காது, பெரிய கண்... வயதானாலும் குட்டி மாதிரியே இருக்கும். காட்டுக் குணம் கொஞ்சம் மிச்சம் இருப்பதால் சட்டென்று பயந்துவிடுமாம்.

"யாழ்ப்பாணத்திலை கோட்டை கட்டின ஒல்லாந்தர் எப்பவோ போயிட்டினம். உவை இப்பதான் வந்து சேர்ந்திருக்கினம்" என்று சிரித்தார். "அப்பாவைப் பக்கத்திலை சும்மா இருக்கச் சொல்லுங்கோ. அதுகளா வரும்."

அப்பா சும்மா இருந்தார். மூன்றாம் வாரம் அதுகளாக வந்தன. அப்பா கதைக்கத் தொடங்கினார்... முதலில் முயல்களோடு, பிறகு எங்களோடு.

இரண்டும் பெட்டை என்றுதான் அக்கா தந்தார். பார்த்தால் ஒன்று ஆண்! சில மாதத்தில் நாலு குட்டி. அதில் ஒன்று மற்றவற்றில் பாதி அளவுகூட இல்லை. அப்பா ஆசையாக அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

மூன்றாம் நாள் அது செத்துப்போனது.

"என்ரை கை நடுங்கி நசிச்சுப்போட்டன்" என்றார். அதோடு கூட்டுப் பக்கமே போகவில்லை. சாப்பாடும் இல்லை.

நான் அக்காவுக்குப் போன் எடுத்து அழுதேன். அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி, வெயிலில் நடந்து எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்.

அப்பாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ஐயா, பிழை விட்டது நான். ஆண் பெண் சரியாப் பாக்காமல் தந்திட்டன். உந்த இனத்திலை சின்னனும் சின்னனும் சேர்ந்தால் ஒண்டு ரெண்டு உப்பிடித்தான் பிறக்கும். அது பிழைக்கிற குட்டி இல்லை. என்ரை கூட்டிலையும் எத்தினையோ செத்திருக்கு. ஆர் தொடாட்டியும் செத்திருக்கும்."

அப்பா நிலத்தைப் பார்த்தபடி, "என்ரை மனம் ஆறட்டும் எண்டு சொல்லுறியள்" என்றார்.

"பொய் சொல்லுறதெண்டால் போனிலை சொல்லியிருப்பன், ஐயா. பஸ் ஏறி வந்திருக்க மாட்டன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளுக்குப் பிறகு...

அக்கா எழும்பிப் போய் மிச்சக் குட்டிகளில் ஒன்றை எடுத்து வந்து, அப்பாவின் நடுங்குகிற கையிலேயே வைத்தார். கீழே தன் கையைக்கூடப் பிடிக்கவில்லை. நான்தான் மூச்சுவிடாமல் நின்றேன். குட்டி பேசாமல் இருந்தது.

பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, ஆண் முயலைக் காட்போட் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். "இனி உவரை நான் பாக்கிறன்."

இன்று மத்தியானம் அப்பாவிடம் அக்கா இல்லை என்றும் நாளைக்கு அடக்கம் என்றும் சொன்னேன்.

"நாளைக்குத் தேவாலயத்திலை எத்தினை மணிக்காம்?"

"பத்து மணிக்கு, அப்பா."

"என்ரை வெள்ளைச் சேட்டை மினுக்கி வை." சட்டையையும் அயன் பெட்டியையும் எடுத்தேன்.

கை நடுங்கும் வருத்தம் வந்த பிறகு சொந்தக்காரரின் செத்த வீட்டுக்குக்கூடப் போகாத மனிதர்.

நன்றி அக்கா... நாளைக்கு அப்பாவும் வருகிறார்.