சுரங்கத்துக்கு அப்பால் ஒரு நிலையம்

என் மகள் வருகிற கோடையில் ஜேர்மனிக்குப் போகிறாள். ஆற்றோரமாகச் சைக்கிள் ஓடுவது, களைத்தால் சைக்கிளோடு உள்ளூர் ரயிலில் ஏறுவது, பிடித்த ஊரில் இறங்குவது என்று சிநேகிதிகளோடு திட்டம் போட்டிருக்கிறாள். நாங்கள் இப்போது இருக்கும் மல்வேர்னில், எங்கள் குசினி மேசையில் போனை வைத்து வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"அம்மா, நீங்க சின்னனில இருந்த மோசல் ரிவர் இதுதானே? இந்த ட்ரெயினில போயிருக்கிறீங்களா?"

"ஓம்" என்றேன். நான் அதிகம் கதைக்கிறவள் அல்ல. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் அகதி வழக்கு முடியாமல் இருந்தது. அப்படி இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அங்கே சட்டம். பிடிபட்டால் வழக்குக் கெட்டுவிடும் என்று அப்பாவும் அம்மாவும் பயந்தார்கள். எனக்கும் தம்பிக்கும் இது தெரியாது. சொன்னால் நாங்கள் வெளியே போய் எதையாவது உளறிவிடுவோம் என்று மறைத்துவிட்டார்கள்.

ஊர்க்காரர் வேண்டாத சாமான்களைத் தெருவோரம் வைக்கும் நாட்களில் அப்பா நாலு பழைய சைக்கிள் பொறுக்கித் திருத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஆறு வருகிற திசையில் போவோம். மலைச் சுரங்கத்துக்கு முந்திய நிலையத்தில் இறங்கி, ஆறு ஓடுகிற பக்கமே சைக்கிளில் வீட்டுக்கு வருவோம். ஒருநாளும் அந்த நிலையத்தைத் தாண்டியதில்லை.

"அங்கால என்ன இருக்கு அப்பா?"

"ஒண்டுமில்லை. உந்த மலைதான்."

ஒன்றுமில்லாத இடத்துக்கு ஏன் இவ்வளவு சனம் ரயிலில் போகிறது என்று நான் யோசித்தேன். வாரம் முழுவதும் யோசித்தேன். அடுத்த ஞாயிறு அம்மாவும் தம்பியும் இறங்கிய பிறகு, என் சைக்கிளின் பெடல் அப்பாவின் சைக்கிள் கம்பிக்குள் மாட்டிவிட்டது என்றேன். மாட்டியது நான்தான். அப்பா குனிந்து அதை எடுக்கிறதுக்குள் கதவு பூட்டிக்கொண்டது.

சுரங்கத்துக்குள் பரிசோதகர் வந்தார். அப்பா டிக்கெட்டை நீட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜேர்மன் மொழியில் நடந்ததைச் சொன்னேன், பெடலை மாட்டியதைத் தவிர. அவர் சிரித்துவிட்டு, அடுத்த நிலையத்தில் இறங்கி நின்றால் ஒரு மணித்தியாலத்தில் திரும்பும் ரயில் வரும் என்றார்.

அந்த நிலையத்தில் இரண்டு பொலிஸ்காரர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா ரயிலுக்குக் காத்திருக்கவில்லை.

"ஏறு பிள்ளை. நீ முன்னால ஓடு. ஆரும் வந்தால் என்னோட ஜேர்மனில கதை."

"உங்களுக்கு விளங்காதே அப்பா?"

"நான் தலையாட்டுறன். நீ கதை."

ரயில் சில நிமிடத்தில் குடைந்து வந்த மலையை ஆறு பெரிய வளையமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்த வளையம் முழுவதையும் நாங்கள் ஓடினோம். எனக்கு அது பெரிய கொண்டாட்டம். மலை உச்சியில் இடிந்த கோட்டை. திராட்சைத் தோட்டச் சரிவில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் குட்டி வண்டி. கொடியில் உடுப்புக் காயவிட்டபடி போகும் நீளமான கப்பல். எதிரே யாராவது வந்தால் நான் இவற்றை ஜேர்மன் மொழியில் சத்தமாக விவரிப்பேன். அப்பா பின்னால் தலையாட்டிக்கொண்டு வருவார். விழுந்து கிடந்த அப்பிள் பழங்களுக்குக்கூட அவர் நிற்க விடவில்லை.

பின்னேரம் போல் ஒரு மஞ்சள் பலகை வந்தது. அதில் எங்கள் மாவட்டத்தின் பெயர் இருந்தது. அதைத் தாண்டியதும் அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தார்.

"களைச்சுப் போனியளோ?"

"ஓம் பிள்ளை, வயசு போகுது" என்றார். அவருக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

சுரங்கத்துக்கு முந்திய நிலையத்தில், வாங்குப் பலகையில் தம்பி நித்திரையாகிக் கிடந்தான். அம்மா எழுந்து வந்து எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, தேப்பனும் மகளும் ஊர் பாக்கப் போனியளோ? எங்களை மறந்துபோனியளாக்கும்."

சொல்லி முடிக்கிறதுக்குள் குரல் உடைந்துவிட்டது. பசியாக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியை, ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஒருபோதும் வாய் திறக்காத நான் அன்று கை உயர்த்தினேன். கரும்பலகையில் ஆற்றின் வளையத்தையும் சுரங்கத்தையும் வரைந்து, இரண்டு பக்கத்து நிலையங்களின் பெயரையும் எழுதினேன். முன்வரிசையில் பொலிஸ்காரர் ஒருவரின் மகன் இருந்து ஆவலாகக் கேட்டான்.

ஆசிரியை எழுந்து வந்தார். சுரங்கத்துக்கு அப்பால் இருந்த நிலையத்தின் பெயரைக் கையாலேயே அழித்தார்.

"நல்ல கற்பனை. எல்லாரும் கை தட்டுங்கள்."

"கற்பனை இல்லை, உண்மையாகப் போனோம்."

"கற்பனைதான்" என்றார், இன்னும் உரக்க. "போய் உட்கார்."

வீட்டுக்கு வந்து அழுதேன். ஆசிரியை என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார் என்றேன். அம்மா முதலில் பயந்துபோய், ஆசிரியை சொன்ன சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு உருளைக்கிழங்கு அவியப் போட்டார்.

மறுநாள் காலையில் ஒரு டப்பா நிறைய மீன் கட்லட் என் கையில் இருந்தது.

"ரீச்சரிட்டக் குடு. அம்மா தந்ததெண்டு சொல்லு."

என்னைப் பொய்க்காரி என்றவருக்கு ஏன் கட்லட் என்று எனக்கு விளங்கவில்லை. கோபத்தில் வழியிலேயே நாலைத் தின்றேன். மிச்சத்தை மேசையில் வைத்துவிட்டு, அம்மா சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் என் இடத்தில் போய் இருந்தேன்.