வண்டி நிற்கிற இடம்

எங்கள் வீட்டு வண்டியில் பேய் இருந்தது என்று சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். எரிச்சலாக வரும். பேயெல்லாம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு நல்லதாகப் போயிருக்கும்.

அது சித்தப்பா ஆசைப்பட்டு வாங்கிய மோட்டார் சைக்கிள். மலைப்பாதையில் ஏறுவதற்கென்றே செய்தது. குதிரைபோல உயரம், ஒல்லி உடம்பு, டயரில் கட்டை கட்டையாக ரப்பர், முன் மட்கார்டு சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் தூக்கி நிற்கும். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே சித்தப்பா இறந்துவிட்டார். ஹாலில் மாலை போட்ட படமாகத்தான் அவரை எனக்குத் தெரியும். அப்பாவும் அவரும் பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அப்பா ஓட்ட, சித்தப்பா பின்னால். வாய்க்கால் பாலத்து வளைவில் வண்டி திடீரென்று நின்றது. பின்னால் வந்த வேன் அடித்தது. சித்தப்பா அங்கேயே போய்விட்டார். அப்பாவுக்குப் புருவத்தில் தையல். "வண்டி தானா நின்னுட்டு" என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் என்ன கேட்பது.

அப்பா அந்த வண்டியை விற்கவில்லை. அவர் மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். அந்தக் கல்லுப் பாதையில் வேறு எந்த வண்டியும் ஏறாது என்றார். ஏறியது, அதில் பொய் சொல்லக் கூடாது. பாறை, சேறு, ஓடை எதிலும் அது நின்றதில்லை. நின்றதெல்லாம் ஒரே இடத்தில்தான். அந்த வளைவில். யார் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் நின்றது. அம்மாவை வைத்துக்கொண்டு போகும்போது நின்றது. மாமாவை வைத்துக்கொண்டு போகும்போது நின்றது. அப்பா தனியாகப் போனாலும் நிற்கிறது என்று பாலத்துப் பக்கம் நுங்கு விற்கிறவர் சொன்னார். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்கை மாற்றினார், ஒயரையெல்லாம் மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

நம் ஆட்கள் ஒரு இடத்தைச் சும்மா விடுவார்களா? யாரோ அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். இன்னொருவர் எலுமிச்சம்பழம் வைத்தார். சீசனுக்கு வருகிற வேன்கள் அங்கே மெதுவாகி, சன்னல் வழியே காசு போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தன. இப்போது தகரக் கூரை, மணி, பூட்டுப்போட்ட உண்டியல் எல்லாம் வந்துவிட்டது. என்ன சாமி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொல்கிறார்கள். எங்கள் அப்பா வண்டியைத் தள்ளியதால் வந்த சாமி என்று ஒருத்தனுக்கும் தெரியாது.

என்ஜின் நின்றதும் அப்பா இறங்குவார். என்னை இறங்கச் சொல்ல மாட்டார். நான் உட்கார்ந்தபடியே இருக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டுவார். அந்த நேரத்தில் நான் ஏதாவது கேட்டால் பதில் வராது. ஆனால் அவர் பேசுவார். "இந்தா போயிருவோம்லே, பிடிச்சுக்கோ" என்று மெல்லச் சொல்வார். என்னை அவர் ஏட்டி என்றுதான் கூப்பிடுவார். லே என்றால் ஆம்பிளைப் பையனை. நான் கண்ணை மூடிக்கொண்டு, சீட்டின் ஓரத்தில் கிடக்கிற வாரை இறுகப் பிடித்துக்கொள்வேன். எனக்குப் பின்னால் நீளமான சீட்டில் இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கும். திரும்பிப் பார்க்கவே மாட்டேன். பாலம் தாண்டி ஒரே உதையில் வண்டி கிளம்பிவிடும்.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது தோட்டத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. திருநெல்வேலியில் டிராக்டர் சாமான் கடை ஒன்றில் மாமா சொல்லி வைத்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், போலீஸ்காரர். தினமும் சுரண்டை, கடையம் என்று சுற்றி ஆர்டர் பிடிக்க வேண்டும். கடைக்காரர் ஒரே நிபந்தனை போட்டார். ஒழுங்கான வண்டியோடு திங்கட்கிழமை வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். பழைய வண்டியில் அவ்வளவு தூரம் போய் வந்தால் இடுப்பு கழன்றுவிடும். தார் ரோட்டில் அந்த டயர் போடுகிற சத்தத்தில் காதும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா ஒரு புது வண்டியை ஓட்டிப்பார்க்கக் கொண்டுவந்து குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். ரோட்டுக்கென்றே செய்த வண்டி. தாழ்ந்து, முன்பக்கம் குனிந்து, பாயப்போகிற மாதிரி இருந்தது. டயர் வழவழவென்று இருந்தது. பழையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம், சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார்.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஹேண்டில்பார் கீழே கிடக்கிறது, முதுகு வலிக்கும் என்றார். ரோடு இல்லாத இடத்தில் இது போகாது என்றார்.

"ரோடு இல்லாத எடத்துல ஒமக்கு என்னவே சோலி?" என்றார் மாமா. "தோட்டத்தத்தான் வித்தாச்சுல்லா. இனிமே எந்தப் பாறையில ஏறப்போறீரு?"

அப்பா பழைய வண்டியின் சீட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. அந்தப் பழைய வண்டியை வீட்டைவிட்டு அனுப்ப அம்மா வேண்டாத கோயில் இல்லை. சித்தப்பா அதில்தான் இருக்கிறார் என்று அம்மா நிச்சயமாக நம்பினாள். வெளியே வந்து முடிவாகச் சொன்னாள்.

"இதுல அந்தப் பாலம் வரைக்கும் போயிட்டு வாங்க. நிக்காம வந்துட்டுன்னா பழசுலதான் கோளாறு, இன்னைக்கே குடுத்துருவோம். இதுவும் நின்னுச்சுன்னா, கொழுந்தன் நம்மள விட்டுப் போவலன்னு நெனச்சுக்கிடுதேன். அப்பொறம் நான் வாயத் திறக்கல." பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, நீயும் போ" என்றாள்.

துணைக்கு அனுப்புகிறாள் என்று நினைத்தேன். சாட்சிக்கு அனுப்பியிருக்கிறாள்.

அன்றைக்கு அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் ரோட்டில் ஆள் இல்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலை இருக்கிற இடத்தில் மலை இல்லை, வெள்ளையாக ஏதோ நின்றது. வண்டி சத்தமே போடாமல் போனது. பழைய வண்டியில் அப்பாவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும். இதில் பின் சீட் தனியாக, உள்ளங்கை அகலத்தில், மேலே தூக்கி வைத்திருந்தது. அப்பாவும் குனிந்து ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் அவர் தலைக்கு மேலாக எல்லாவற்றையும் பார்த்தேன். மீட்டர் தெரிந்தது. நனைந்த கைகள் தெரிந்தன.

வளைவு வந்தது. வாய்க்கால் தண்ணீர் சத்தம் கேட்டது. கண்ணை மூட நினைத்தேன். புது வண்டி என்ன செய்யும் என்று பார்க்கிற ஆசையில் மூடவில்லை. வண்டி ஒன்றும் செய்யவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் வலது கட்டைவிரல் மட்டும் பிடியிலிருந்து எழுந்தது. அவசரமே இல்லாமல் பக்கத்திலிருந்த சிவப்பு ஸ்விட்சுக்குப் போனது. அமுக்கியது. என்ஜின் நின்றது.

தெரியாமல் கை பட்டுவிட்டது என்று நினைத்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார். முகத்தில் தண்ணீர் ஒழுகியது. என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"காலு பட்டுரும்லே, ஒதுக்கிக்கோ. இந்தா போயிருவோம்."

அந்தச் சீட்டில் எனக்கே இடம் பத்தாது. இருந்தாலும் நான் முன்னால் நகர்ந்து இடம் விட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதுகில் மட்டும் மழை விழாத மாதிரி இருந்தது.

பாலம் தாண்டியதும் அப்பா அதே விரலால் ஸ்விட்சை மேலே தள்ளி வண்டியைக் கிளப்பினார். பழைய குற்றாலம் வரை போகாமல் அப்படியே திருப்பினார். திரும்புகையில் பாலத்தைக் கடந்தபோது நிறுத்தவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றாள். மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, நின்னுச்சா?"

"நின்னுட்டு" என்றார் அப்பா. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்றால், எனக்கே ஒரு நிமிஷம் அது நின்ற மாதிரிதான் இருந்தது.

அம்மா சுவரில் சாய்ந்தாள். மாமா தலையில் கையை வைத்தார். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஏனென்றால் என்னிடம் நல்ல செய்தி இருந்தது. இத்தனை வருஷம் எல்லோரும் சும்மா பயந்திருக்கிறார்கள்.

"வண்டி நிக்கல. அப்பாதான் ஸ்விட்ச அமுக்கி நிப்பாட்டினாவ. நான் பாத்தேன்" என்றேன்.

மாமா சிரிக்க ஆரம்பித்தார். "என்னவே, பழச விட மனசு வரலன்னா சொல்ல வேண்டியதுதான, அதுக்கு இப்பிடி ஒரு நாடகமா?" என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். வீட்டில் நான் அதுவரை பார்க்காத முகம்.

"அப்பம் அன்னைக்கி?" என்று கேட்டார்.

அப்பா சாவியை எடுத்துச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தலையைத் துவட்டப் போனார். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கை வலித்தது. பேய் இல்லை என்று சொன்னதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

வண்டி ஒரு தடவைகூடத் தானாக நின்றதில்லை. அப்படியானால் அன்றைக்கு மட்டும் தானாக நின்றிருக்குமா? மாமா கேட்டது அதைத்தான். ஒன்பது வயதில் எனக்கு அது எட்டவில்லை. மாமாவும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. போலீஸ்காரர், தங்கச்சி புருஷனிடம் வாயை மூடிக்கொண்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் அந்த வளைவில் என்ன நடந்தது என்று பெரியவளான பிறகு நான் அப்பாவிடமே கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில்.

சாயங்காலம் மாமா பழைய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எடுப்பதா வேண்டாமா என்று யாரும் பேசவில்லை. திங்கட்கிழமை அப்பா புது வண்டியில் திருநெல்வேலிக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த வளைவில் என்னை வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை போயிருக்கிறார். வண்டி நிற்கவில்லை. அவர் யாரிடமும் பேசவும் இல்லை.

பேய்க்குப் பயந்துகொண்டே பழையதில் ஏறிய அம்மா மட்டும் புது வண்டியில் ஏறவே இல்லை. கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் அப்பா வண்டியில் முன்னால் போவார். அம்மா பஸ்ஸில் பின்னால் வருவாள். அந்தச் சீட் ரொம்ப உயரம், சேலை கட்டிக்கொண்டு அதில் உட்கார முடியாது, அதனால்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.