கவிழ்த்துவிட்ட தண்ணீர்

2006-ல் எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா பத்து நாள் வேலைக்கு வரவில்லை. பதினோராம் நாள் வந்தபோது விளக்குமாற்றைப் பிடிக்க அவருக்கு விரல் மடங்கவில்லை. அந்த வருஷம் எங்கு பார்த்தாலும் மூட்டை முடக்கும் கொசுக் காய்ச்சல்தான். காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும். மூட்டுவலி மாதக்கணக்கில் விடாது.

“எங்க தெருவுல நிமிந்து நடக்கறவங்க யாருமில்ல டீச்சர்” என்றார். “பருத்தி வெடிச்சுக் கெடக்கு. எடுக்க ஆளில்ல.”

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. கொசுவைப் படித்துப் பட்டம் வாங்கியவள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அரியலூர் சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, அக்காவின் ஊருக்கு நடந்தேன். அவர் வீட்டு வாசலில் மூன்று நீல டிரம், கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி. கரண்டியில் மொண்டு பார்த்தேன். நான் தேடிப் போன கொசுப் புழு எல்லாவற்றிலும் நெளிந்தது.

“தண்ணிய இப்படித் தேக்கி வைக்கக் கூடாதுக்கா” என்றேன். எத்தனை சுலபமாகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. “பைப்புல ஒம்பது நாளைக்கு ஒருக்காதான் வருது. நடுவுல எட்டு நாளைக்கு எங்க போறது?”

அந்தக் கேள்வியோடுதான் அடுத்த நாலைந்து மாதம் அலைந்தேன். ஒன்பது நாள் ஏன் என்று ஊர் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறவரைக் கேட்டேன். “போர்ல தண்ணி கீழ போயிடுச்சுங்க. முன்னெல்லாம் காலையில மோட்டாரப் போட்டா மதியத்துக்குள்ள தொட்டி ரொம்பும். இப்ப நாலு நாளாவுது. ஊர ரெண்டாப் பிரிச்சு மாத்தி மாத்தி வுடறோம்” என்றார். தண்ணீர் ஏன் கீழே போனது என்று விவசாயிகளைக் கேட்டேன். மழை பொய்த்த வருஷங்களில் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஆழமாகப் போர்க் கிணறு போட்டதைச் சொன்னார்கள். சற்றுத் தள்ளி ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ராத்திரி பகலாக ஊற்றுநீரை இறைத்து ஓடையில் விடுவதையும் காட்டினார்கள். காய்ச்சல் வந்து கை முடங்கிய பெண்களால் வயல் கிணற்றிலிருந்து குடம் தூக்க முடியவில்லை. அதனால் வீட்டுக்கு இன்னொரு டிரம் வாங்கிப் போட்டார்கள். அதிலும் புழு வந்தது.

இதையெல்லாம் ஒரு பெரிய தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தேன். மழை, போர், சுரங்கம், டிரம், கொசு, முடங்கிய கை, மறுபடி டிரம். ஒன்றோடொன்றைத் தொடர்புபடுத்திப் பார்க்கும் இதை இப்போது ‘சிஸ்டம்ஸ் திங்க்கிங்’ என்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் கருத்தரங்குக்கு விமான டிக்கெட் அனுப்புகிறார்கள். அன்றைக்கு எனக்கு அந்தப் பெயர் தெரியாது. பருவநிலையும் மக்கள் உடல்நலமும் பற்றிய ஆய்வுக்கு நிதி தருவதாக ஓர் அமைப்பு அறிவித்திருந்தது. தாளைச் சுருட்டிக்கொண்டு சென்னைக்கு நேர்காணலுக்குப் போனேன்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த டாக்டர் தாளை முழுதாக விரிக்கக்கூட இல்லை.

“இது ஹெல்த் ப்ராஜெக்டா, வாட்டர் ப்ராஜெக்டா? ஒண்ணு சொல்லுங்க மேடம்.”

“ரெண்டையும் பிரிச்சா அர்த்தமில்ல சார். ஒண்ணுலேருந்துதான் இன்னொண்ணு வருது.”

“எங்க ஃபாரத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. சுரங்கம் எல்லாம் எதுக்கு? நீங்க கொசுவுல நிபுணர். கொசுவை மட்டும் வச்சு எழுதிக் குடுங்க. பாஸ் பண்ணிடறோம்.”

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து அறையில் உட்கார்ந்து, மழையை வெட்டினேன், போரை வெட்டினேன், சுரங்கத்தை வெட்டினேன். எவரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. நானேதான் வெட்டினேன். ‘வீடுகளில் தேங்கிய நீரும் கொசுப் புழுவும்’ என்ற தலைப்புக்கு உடனே நிதி வந்தது. கல்லூரி வாசலில் என் படத்தோடு பேனர் கட்டினார்கள்.

கணக்கெடுப்புக்கு அக்காதான் வீடு வீடாக அழைத்துப் போனார். “நம்ம டீச்சர்தான், தொறந்து காட்டுங்க” என்பார். பெண்கள் மூடியை எடுத்துக் காட்டினார்கள். நான் வீட்டு எண்ணையும் எத்தனை டிரம்மில் புழு என்பதையும் குறித்துக்கொண்டேன். இடைக்கால அறிக்கையில் அந்தப் பட்டியலைச் சேர்த்து, நிதி தந்த அமைப்புக்கும் மாவட்ட அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவுக்கும் அனுப்பினேன். பெயர் இல்லையே, எண்தானே என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில் ஒரு புதன்கிழமை அக்கா ஆய்வுக்கூட வாசலிலேயே நின்றுகொண்டார்.

“நேத்து கொசு ஒழிக்கற ஆளுங்க வந்தாங்க டீச்சர். கையில லிஸ்ட்டு வச்சிருந்தாங்க. நம்பரப் பாத்துப் பாத்து வூட்டு வூட்டுக்கு டிரம்மக் கவுத்து வுட்டுட்டுப் போயிட்டாங்க. முந்தாநாளுதான் தண்ணி புடிச்சோம்.”

நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினேன்.

“எங்க வூட்டு நம்பரு அவங்களுக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு?” என்று கேட்டார். அவருக்குப் பதில் தெரியும். என் வாயால் கேட்க நின்றார்.

“நான்தான்கா குடுத்தேன்.”

அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மத்தியானமே மாவட்ட அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவுக்குப் போனேன். அதிகாரி நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். “உங்க ரிப்போர்ட்படிதான் மேடம் செஞ்சோம். டிரம்முல புழு இருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“அந்தத் தண்ணி ஏன் டிரம்முல இருக்குன்னு கேட்டீங்களா சார்? ஒம்பது நாளைக்கு ஒரு தடவை விட்டா அவங்க எதுல புடிச்சு வைப்பாங்க? கவுத்த ஆளுங்க மீதி ஏழு நாளைக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தாங்களா?”

“அது குடிநீர்ப் பிரிவு. மாடியில.”

மாடிக்கும் போனேன். கொசு என்றால் கீழே கேட்கச் சொன்னார்கள். அப்படி ஓர் ஆத்திரம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அதில் பாதி என்மேல்தான்.

இறுதி அறிக்கையில் வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தேன். ஒன்பது நாள் முறையை முதல் பக்கத்தில் வைத்தேன். ஆய்வின் எல்லைக்கு வெளியே போவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, “ஒரு பக்கந்தானேம்மா, எடுத்துடுங்க” என்றார். முடியாது என்றேன். மீதி நிதி நின்றது. பேனரைக் கழற்றினார்கள். அடுத்த கட்ட ஆய்வு வேறொரு கல்லூரிக்குப் போனது.

அக்கா மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்திருந்தார். பழைய மாதிரி இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அந்தக் கல்லூரி ஆட்கள் கணக்கெடுத்துப் போன மறுநாள் அவராகவே சொன்னார்: “டிரம்ம எல்லாம் மக்காச்சோளத் தட்டைப் போருக்குள்ள உருட்டி வச்சிட்டோம். மாட்டுக் கொட்டாயில சாக்கப் போட்டு மூடிட்டோம். அவங்க கண்ணுல ஒண்ணும் ஆப்புடல.”

“புழு இன்னும் அதிகமாகுமேக்கா. வெளிச்சமில்லாம, யாரும் பாக்காம கெடந்தா.”

“ஆவட்டும். தண்ணி இருக்குல்ல.”

புதிய அறிக்கையின் நகல் கருத்துக் கேட்டு எனக்கும் வந்தது. நீர் தேக்கும் வீடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன, நடவடிக்கை வெற்றி என்று அதில் எழுதியிருந்தது. அந்த வாரம் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல். மூட்டெல்லாம் வீங்கிப் படுத்திருந்தாள். உண்மையை எழுதினால் டிரம்மைக் கவிழ்க்கத் திரும்பவும் ஆள் போகும். தட்டைப் போரைப் பிரிப்பார்கள். கருத்து ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.