எதிர்ப்பக்கம் சுற்றிய எஞ்சின்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குலசைக் கோயில் தசராவுக்கு ஊரெல்லாம் விரத மாலை போட்டுக்கொண்டிருந்த சமயம். பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட இடமில்லாமல் ஒரு படகு நின்றுகொண்டிருந்தது. பின்னால் கயிறு கட்டி, காலில் பலகை மாட்டிய ஆளைத் தண்ணீர் மேல் இழுத்துக்கொண்டு பறக்குமே, அந்த ஸ்கீ படகு. கடலும் இல்லாத, ஏரியும் இல்லாத தெருவில் படகு நின்றால் ஊர் சும்மா இருக்குமா? "என்னக்கா, ஆத்துல வெள்ளம் வரப்போவுதுன்னு அண்ணாச்சிக்குத் தகவல் வந்துட்டா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் பதினெட்டு வருடம் இந்த மாதிரிப் படகுதான் ஓட்டினார். பிள்ளைகள் வளர்ந்ததை எல்லாம் போனில்தான் பார்த்தார். ஒருவழியாகப் போதும் என்று ஊருக்கு வந்தவர், கொல்லம் பக்கம் ஒரு விடுதியில் ஓடாமல் கிடந்த இந்தப் பழைய படகைக் கண்டுபிடித்து, லாரியில் ஏற்றி, செங்கோட்டை வழியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். குலசைக்குப் பக்கத்தில் ஒரு கடலோர விடுதிக்காரர், "படகு ஓடுனா கொண்டாங்க, இங்கனயே நிறுத்தி ஆள் ஏத்துவோம்" என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் இவ்வளவும்.

நான் டவுனில் தையல் மெஷின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊசி, பாபின், பெல்ட் என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். எனக்கே தலை சுற்றும்படி இருந்தது இவர் ஸ்பேர் பார்ட்ஸ் தேடிய கதை. அந்தப் படகு செய்த கம்பெனி எங்கேயோ வெளிநாட்டில். பழைய மாடல் என்பதால் அங்கேயே பாதி சாமான் கிடையாது. சூடான தண்ணீர் போகிற குழாய்க்கு லாரி ரேடியேட்டர் குழாய். எஞ்சின் மூடிகளுக்கு இடையில் வைக்கிற கேஸ்கட்டைப் பேட்டையிலேயே தாள் வாங்கி வெட்டிக்கொண்டோம். கார்புரேட்டர் சாமான் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பிலிருந்து வந்தது. ஒவ்வொன்றும் கிடைக்கும்போது இவருக்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்கணுமே, எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்த ஞாபகம் எனக்கு இல்லை.

இந்த நேரத்தில்தான் பழைய ஹோட்டலிலிருந்து போன் வந்தது. திரும்ப வாருங்கள், விசா தயார், தசரா முடிந்ததும் பதில் சொல்லுங்கள் என்றார்கள். சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "படகு ஓடிட்டா இங்கன. ஓடலன்னா அங்கன. வேற என்ன செய்ய?" அதுவரை அந்தப் படகைத் திட்டாத நாள் எனக்கு இல்லை. அன்றைக்குப் பிறகு, வாசல் விளக்கு ஏற்றும்போது அதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட ஆரம்பித்தேன்.

கடைசியாக மிஞ்சியது ஸ்டார்ட்டர் மோட்டார். சாவியைத் திருப்பியதும் எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற சாமான் அது. கொல்லத்துக்காரர்கள் அதைக் கழற்றி எங்கேயோ தொலைத்துவிட்டார்கள். மாதிரிக்குக்கூட ஒன்று இல்லை. படகு எஞ்சின் என்றாலும் அடிப்படையில் அது கார் எஞ்சின்தான் என்பதால், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு எலக்ட்ரீஷியன், பல்லெல்லாம் பொருந்துகிற மாதிரி ஒரு பழைய வண்டியின் மோட்டாரைச் சரிபண்ணிக் கொடுத்தார். தேங்காய் உடைத்து, எஞ்சின் சூடேறாமல் இருக்க டிரம்மில் தண்ணீர் வைத்து, அக்கம்பக்கத்தார் கூடி நிற்க இவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாக இருமி இருமிப் பெட்ரோலைத் துப்பியது. பேட்டரி தீருகிற வரை முயற்சி செய்துவிட்டு, இவர் படகின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் ஒவ்வொருவராகப் பையக் கலைந்தது.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. புதிதாகத் தையல் பழகுகிற பெண்கள் செய்கிற முதல் தப்பு, சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிவிடுவது. மெஷின் ஓடுகிற மாதிரிதான் இருக்கும். நூல் சிக்கிக்கொள்ளும், தையல்தான் விழாது. ஓடுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

"என்னங்க, இது சுத்துத பக்கம் சரிதானா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, இது என்ன உன் தையல் மெஷினா? எஞ்சின்னா எல்லாம் ஒரே பக்கந்தான் சுத்தும். போய் சோத்த வடி."

நான் சோற்றை வடிக்கப் போனேன். இவரோ வளைகுடாவில் கூட வேலை பார்த்த மெக்கானிக்குக்குப் போன் போட்டு வீடியோவில் எஞ்சினைக் காட்டியிருக்கிறார். அங்கே படகை ஓட்டியது மட்டும்தான் இவர். பழுது பார்த்ததெல்லாம் அந்த ஆள். போனில் அவர் சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. இந்த மாதிரிப் பழைய ஸ்கீ படகுகள் பலவற்றில் எஞ்சினே காருக்கு நேர் எதிர்ப்பக்கம் சுற்றுகிற மாதிரி செய்ததாம். கொஞ்ச நேரத்தில் இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"சோறு வடிச்சாச்சா?"

"வடிச்சாச்சு. எந்தப் பக்கம் சுத்துதாம்?"

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

எதிர்ப்பக்கம் சுற்றுகிற ஸ்டார்ட்டருக்கு எங்கே போவது? உள்ளே வயரை மாற்றிக் கட்டினால் மோட்டார் திரும்பிச் சுற்றும், ஆனால் எஞ்சினைப் பற்றுகிற பல்சக்கரம் அந்தப் பக்கம் பற்றாது என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தசரா போய்த் தீபாவளியும் போய்விடும். வளைகுடா மெக்கானிக் ஒரு வழி சொல்லியிருந்தார். ரெண்டு எஞ்சின் வைத்த பழைய லாஞ்சுப் படகுகளில் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் சுற்றும், அப்படி ஒன்றைத் தேடுங்கள் என்று. கடைக்கு வருகிற கடற்கரை ஊர்த் தையல்காரிகள் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் விசாரித்தேன். நூல்கண்டு வாங்க வந்த ஒரு பெண், "எங்க ஊர்ல ஒரு அண்ணாச்சி அப்படி ஒரு லாஞ்ச வச்சு வருசக்கணக்கா நோண்டிக்கிட்டு இருக்காவ. அவிய வீட்டு அக்காகிட்ட கேட்டா இன்னும் நல்லாச் சொல்லுவாவ" என்றாள். குரலிலேயே தெரிந்தது, அந்த அக்காவும் என் ஜாதகம்தான் என்று.

மறுநாளே கடையை அடைத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். கடற்கரை மணலில், தென்னங்கிடுகுக் கொட்டகைக்குள், பக்கவாட்டில் மாதா பெயர் எழுதிய ஒரு பழைய லாஞ்ச் நின்றது. அந்த அண்ணாச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். பார்த்ததும் இவர் என் கையைப் பிடித்துவிட்டார். எங்கள் படகில் இருக்கிற அதே எஞ்சின், ஒன்றுக்கு இரண்டாக.

"ரெண்டும் ஒரே பக்கம் சுத்துனா லாஞ்ச் ஒரு பக்கமா இழுக்கும். எதிரும் புதிருமா சுத்துனாத்தான் நேரா போவும்" என்று அவர் விளக்கினார்.

"எங்க வீடும் அப்படித்தாம்மா ஓடுது" என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம்.

எதிர்ப்பக்கம் சுற்றுகிற எஞ்சினின் ஸ்டார்ட்டரைக் கேட்டதும் அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. "வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. அதக் கழட்டுனா எனக்கு ஒரு கை போன மாரி. ஒவ்வொரு சாமானா தேடித்தேடிச் சேத்தது" என்றார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. இவரும் உடனே எழுந்துவிட்டார். "எனக்குப் புரியுது அண்ணாச்சி. எங்கிட்ட கேட்டாலும் நான் இதத்தான் சொல்லுவேன்" என்றார். அவ்வளவு சீக்கிரம் இவர் சரி என்று சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. அப்போதே மனசுக்குள் வளைகுடாவுக்குப் பெட்டி கட்டிவிட்டார் என்று தோன்றியது.

எனக்கு அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, இந்த மோட்டார் இல்லன்னா இவிய திரும்ப பிளேன் ஏறிருவாவ. பதினெட்டு வருசம் போன்லயே குடும்பம் நடத்திட்டேன். இனி என்னால முடியாது. இவிய இங்கனயே இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். போகாதீர்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் முறுக்கும் ஊறுகாயும் கட்டிக்கொடுத்து, சிரித்த முகமாக வழியனுப்பியதுதான் வழக்கம்.

அந்த அக்கா காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டே, "இவிய கப்பல்ல கெடந்தப்ப நானும் இப்படி யார்கிட்டயாவது சொல்லிருக்கணும்" என்றார். அண்ணாச்சி லாஞ்சைப் பார்த்தார். பிறகு கொட்டகை ஓரத்திலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"இரவலாத்தான் தாரேன் தங்கச்சி. என் லாஞ்ச் ஓடும்போது திருப்பித் தந்துரணும்."

சாக்கில் சுற்றிய மோட்டாரைத் திரும்பி வரும்போது நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். சேலையெல்லாம் கிரீஸ். திருச்செந்தூர் தாண்டுகிற வரை இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"போவாதிங்கன்னு ஒரு வார்த்த முன்னாலயே சொல்லிருக்கலாம்லாட்டி?"

"நீங்க கேட்டிருக்கலாம்லா?"

அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை என் கையை இவர் விடவில்லை. பஸ்ஸில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

மறுநாள் அந்த மோட்டாரை மாட்டி இவர் சாவியைத் திருப்பியதும், ஒரே இருமல், உடனே பிடித்துக்கொண்டது. தெருவே புகை. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுத்துப்போய், அவர்களிடம் நாங்கள் வாங்கிய திட்டு தனிக்கதை. எஞ்சினை அணைக்காமலே இவர் ஹோட்டலுக்குப் போன் போட்டு, "கேக்குதா? இதான் என் பதில்" என்று தமிழிலேயே சொன்னார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ!

இப்போது படகு அந்த விடுதிக்காரரின் கடற்கரையில்தான் நிற்கிறது. வெளிநாட்டில் சொல்லிவைத்த புது ஸ்டார்ட்டர் பொங்கலுக்குப் பிறகு வந்தது. இரவலைக் கழற்றித் தரட்டுமா என்று புதிதோடு கேட்கப் போனால், அண்ணாச்சி புதிதை வாங்கித் தன் லாஞ்சில் வைத்துக்கொண்டார். "நல்லா ஓடுததக் கழட்டக் கூடாது, அது அங்கனயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் லாஞ்சில் இதுவரை ஒரு எஞ்சின்தான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரரும் அவரும் அதற்குள்தான் கிடக்கிறார்கள். நானும் அந்த அக்காவும் வெளியில் உட்கார்ந்து இருவரையும் வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் இவர் சாவியைத் திருப்பி அந்த எஞ்சின் பிடிக்கிற சத்தம் கேட்கும்போது, பதினெட்டு வருடமாக என் வீட்டுக்குள் சொல்ல வாய் வராத ஒரு வார்த்தையை, முன்பின் தெரியாதவர்கள் கொட்டகையில் நின்று சொன்னேனே, அதற்காகத்தான் இவர் இங்கே இருக்கிறார் என்று எனக்கு மனசு நிறைந்துபோகும்.